மந்திரியும் மரக்கரண்டியும்

பக்கவாதம் வந்து மூன்று மாதம் கழித்து, பிரேக் டீச்சர் முதல் தடவையாக நாயைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். இறங்கிய பத்தாவது நிமிஷம் விழுந்து, தாடையில் மூன்று தையல் போட்டுக்கொண்டார்.

அவருடைய உண்மையான பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரே ஈ பறந்தாலும் "பிரேக்!" என்று ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தத்துக்கு, பின்னால் வருகிற பஸ்கூட நின்றுவிடும் என்று ஊரில் கேலி உண்டு. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் கூண்டுக்குள் கம்பிகளோடும் எண்ணெயோடும் கிடக்கிற மனிதர். வீட்டில் பேச்சு குறைவு. டீச்சர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

மந்திரி என்பது அவர்கள் வீட்டு நாய். பழுப்பு நிறம், முப்பத்தைந்து கிலோ. குட்டியாக இருந்தபோதே யார் வந்தாலும் எழுந்திருக்காமல் படுத்தபடி வாலை மட்டும் ஆட்டி வரவேற்கும். அதனால் லிஃப்ட்காரர் வைத்த பெயர் அது. வீட்டுக்குள்தான் இந்தக் கம்பீரம். கழுத்தில் வாரை மாட்டி வாசலைத் தாண்டினால், தேர்தலுக்கு ஒரு நாள் முன்னால் ஓடுகிற மந்திரி மாதிரி ஓடும். நாலு வருஷமாக டீச்சர்தான் அதை நடத்தினார். நடத்தினார் என்பதைவிட, பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றிக்கொண்டு அது இழுத்த பக்கமெல்லாம் போனார். அப்போது உடம்பில் தெம்பு இருந்தது.

இப்போது இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. இடது கை முழங்கையில் மடங்கி, விரல்கள் இறுகி, எப்போதும் யாரையோ குத்தப் போகிற மாதிரி வயிற்றோரமாக நின்றது. வலது கையில் ஊன்றுகோல். அன்று காலை மந்திரி வாரைத் தானே வாயில் கவ்விக்கொண்டு வந்து எதிரே நின்றது. மூன்று மாதமாக அது சரியாக வெளியே போகவில்லை. டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. வாரை இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நிறுத்தியிருந்த கார் ஒன்றின் அடியில் பூனை இருந்தது டீச்சருக்குத் தெரியாது. மந்திரிக்குத் தெரிந்தது.

லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரிக்குக் கிரீஸ் கையோடு வந்தார். வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிவிட்டு, தங்கைக்கு போன் போட்டார். அவளுக்கு ஊருக்கு வெளியே மரக் கிடங்கு இருந்தது. காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். சுற்றுச்சுவர் கட்டி முடிய எட்டு வாரம் ஆகும், முடிந்ததும் தானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள்.

"என்னைக் கேக்காம எப்படிங்க முடிவு பண்ணலாம்?" என்றார் டீச்சர். தையல் போட்ட தாடையோடு கத்த முடியவில்லை.

"நீ ஆஸ்பத்திரில கிடந்ததை நீ பாக்கல. நான் பாத்தேன்."

"அது வேணும்னு தள்ளுச்சா?"

"வேணும்னு தள்ளல. தெரியும். ஆனா இன்னொரு தடவை என்னால அப்படி ஓடி வர முடியாது."

டீச்சர் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. அந்த வீட்டில் அது பெரிய சம்பவம்.

மூன்றாம் நாள் தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றோடு வந்தார். டீச்சர் ஊன்றுகோலை ஊன்றி வாசலுக்குப் போவதற்குள் மந்திரி முந்திக்கொண்டு ஓடியது. "ஐயோ, அந்த ஆளையும் தள்ளிடப்போகுது" என்று டீச்சர் பதறினார். ஆனால் மந்திரி கேட்டுக்கு ஒரு அடி முன்னால் போய் நின்று, பின்பக்கத்தை மெதுவாகத் தரையில் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தது. தபால்காரர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தார். மந்திரி அதைத் தின்றுவிட்டு, அசையாமல் மறுபடி அவர் முகத்தைப் பார்த்தது.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"ரெண்டு வருஷமா டீச்சர். நீங்க அந்த நேரம் வேலைக்குப் போயிருப்பீங்க." தபால்காரர் பேண்ட்டை லேசாகத் தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் பழைய பல் தடங்கள் ஏழெட்டு. "வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாங்கினது. அப்புறம்தான் இதைக் கத்துக்கிட்டேன். உக்காந்தாத்தான் கொடுப்பேன். குதிச்சா கிடையாது. இப்ப ஞாயித்துக்கிழமை காலைல மார்க்கெட் பின்னாடி, கார் நிறுத்தற இடத்துல, ஒரு வகுப்பே நடத்தறேன்."

"கூடவே நடக்க வைக்க முடியுமா? இழுக்காம?"

"முடியும். கொஞ்சம் நாளாகும்."

"ஏழரை வாரம் இருக்கு."

தபால்காரர் கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார். நீட்டியவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "என்னைத் தெரியலையா டீச்சர்? பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். பாதியில நின்னுட்டேன்."

டீச்சருக்கு ஞாபகம் வரவில்லை. பாதியில் நின்றவர்கள் நிறையப் பேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர்தான் வேனில் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டார். "எட்டு வாரம் முடியற வரைக்கும் அது என் நாய்" என்று டீச்சர் சொன்னபோது அவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் வேனைவிட்டு இறங்கவும் இல்லை. பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

வகுப்பில் ஐந்து நாய்கள். மந்திரியின் வாரோடு ஒரு நீளக் கயிற்றையும் கட்டி, அதைத் தபால்காரர் பின்னால் பிடித்துக்கொண்டார். டீச்சர் நடந்தார். மந்திரி முன்னால் பாய்ந்தது.

"இழுக்காதே! பின்னாடி வா! அங்க என்ன பார்வை? ஏய்!" அரை மணி நேரத்தில் டீச்சர் அந்த இடத்தையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டார். மற்ற நான்கு நாய்களும் பயந்து உட்கார்ந்தன. மந்திரி மட்டும் காதில் வாங்கவில்லை.

தபால்காரர் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தார். "டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. எது தப்புன்னு அதுக்கு நூறு தடவை சொல்லிட்டீங்க. எது சரின்னு ஒரு தடவைகூடச் சொல்லல. அது எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"சரியா ஒண்ணும் பண்ணலையே, எதைச் சொல்றது?"

"பண்ணுச்சு. நடுவுல ரெண்டு தடவை உங்க இடது கால் பக்கத்துல வந்து, உங்களை நிமிர்ந்து பாத்துச்சு. நீங்க அப்ப மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தீங்க." சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் உங்ககிட்ட வந்தப்ப பதினோரு நாள் ஓட்டினேன். பதினோரு நாளும் திட்டு. ஒரே ஒரு நாள், சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுத்தேன். நீங்க ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, 'ம், இது நல்லாருக்கு'ன்னு சொன்னீங்க. இன்னிக்கும் நேரா ஓட்டறதுன்னா எனக்குக் கை நடுங்கும். ரிவர்ஸ் மட்டும் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். ஆனால் வேனில் திரும்பி வரும்போது அவருக்கு ஒரு பையனின் கழுத்து ஞாபகம் வந்தது. வியர்த்து, காலர் நனைந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தவனின் கழுத்து. முகம் வரவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தால் கழுத்துதான் தெரியும்.

தபால்காரர் சொன்ன முறை கேட்பதற்குச் சுலபம். மந்திரி இடது தொடையோரமாக வருகிற அந்த நொடியில் "சரி" என்று ஒரு வார்த்தை. உடனே அதே இடத்தில், தொடையோடு ஒட்டி, வாயில் ஒரு துண்டு. முன்னால் கையை நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னால் வந்து நின்று பழகும், காலை இடறும். பக்கத்தில் கொடுத்தால் பக்கத்தில்தான் நிற்கும். துண்டு பட்டாணி அளவுக்கு இருந்தால் போதும், ஆனால் அதற்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். டீச்சர் வீட்டில் பரீட்சை வைத்தார். கடையில் வாங்கிய பிஸ்கட்டை மந்திரி முகர்ந்துவிட்டுத் துப்பியது. கேரட்டைத் தின்றது, மரியாதைக்கு. சீஸுக்கு எழுந்து நின்றது. வேகவைத்த கோழி ஈரலுக்கு மூச்சுவிட மறந்து நின்றது.

"சரி" என்று சொல்வதில் டீச்சரை மிஞ்ச ஆளில்லை. இருபத்தாறு வருஷம், தப்பு நடக்கப் போகிறது என்பதை அது நடப்பதற்கு அரை நொடி முன்னால் கண்டுபிடித்து பிரேக்கை மிதித்த கால் அது. இப்போது சரியானதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். மந்திரியின் தோள் அவர் தொடைக்கு நேராக வருகிற நொடியில் வார்த்தை விழும். தபால்காரரே அசந்துவிட்டார். "எனக்கே இவ்வளவு கரெக்டா வராது டீச்சர்."

கொடுப்பதில்தான் சிக்கல். வலது கை ஊன்றுகோலைப் பிடித்திருந்தது. அதைவிட்டால் நிற்க முடியாது. இடது கை திறக்கவே திறக்காது. ஒவ்வொரு தடவையும் நின்று, ஊன்றுகோலை இடுப்பில் சாய்த்து, பையில் கைவிட்டு, உடம்பைத் திருப்பிக் கொடுப்பதற்குள் மந்திரி முன்னால் வந்து குறுக்கே நின்றுவிடும். இரண்டாம் வாரம் ஊன்றுகோல் மூன்று தடவை கீழே விழுந்தது. மூன்றாம் வாரம் டீச்சரே விழப் பார்த்தார், தபால்காரர் பிடித்துக்கொண்டார். வேனில் பேப்பர் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறியதை டீச்சர் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும், "வேண்டாம்னு தோணுது" என்றார் கணவரிடம். "அது கத்துக்கிடுச்சு. எனக்குத்தான் கை பத்தல."

லிஃப்ட்காரர் அதற்குச் சந்தோஷப்படவில்லை.

மறுநாள் சமையலறையில் டீச்சர் ஈரலை மசித்துக்கொண்டிருந்தார். நாய்க்கு மத்தியானச் சாப்பாடு. மரக்கரண்டியை இடது கைக்குள் திணித்துவிட்டால் அந்த இறுகிய கை அதை இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். கிண்ணத்தை வலது கையால் சுற்றினால் வேலை நடக்கும். பிசியோதெரபிக்காரப் பெண் பார்த்தால் திட்டுவாள். கையைத் திற, திற என்று அவள் தினமும் மன்றாடுகிறாள். அந்த நேரம் கூடத்தில் போன் அடித்தது. கரண்டியைக் கையிலிருந்து பிடுங்க நேரமில்லை. அப்படியே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார்.

போன் நின்றுவிட்டது. டீச்சர் திரும்பினார். அப்போதுதான் கவனித்தார். மந்திரி அவர் இடது பக்கத்தில், தொடையில் ஒட்டவைத்த மாதிரி, கரண்டியை நக்கிக்கொண்டே வந்திருந்தது. அவர் ஒரு அடி வைத்தால் அதுவும் ஒரு அடி. நின்றால் நின்றது. டீச்சர் சாப்பாட்டு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு நாளும் இல்லாத திருநாளாக மந்திரி கூடவே சுற்றியது. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் டீச்சருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

"ஏங்க! ஏங்க! கொஞ்சம் இங்க வாங்களேன்!"

லிஃப்ட்காரர் வாயில் பல் துலக்கும் பிரஷோடு வந்து கதவில் நின்றார். இரண்டு சுற்றுப் பார்த்தார். கையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், நாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். வாயைக் கொப்பளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர், பைக்குள்ளிருந்து ஒரு கரண்டியை எடுத்து மேஜையில் வைத்தார். காம்பை ஒரு சாண் நீட்டியிருந்தார். பிடிக்கிற இடத்தில் கறுப்பு ரப்பர் சுற்றி, விரல்களுக்கு ஏற்றபடி பள்ளம் வெட்டியிருந்தார். "நீ இடது பக்கம் சாயற. சாயாம அதோட வாய்க்கு எட்டணும்ல" என்றார்.

டீச்சர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவதற்கு இருபத்தாறு வருஷப் பயிற்சி இருந்தது. இதற்கு இல்லை. "நல்லாருக்குங்க" என்றார் கடைசியில். "ரொம்ப நல்லாருக்கு."

லிஃப்ட்காரரின் காது சிவந்துபோனது.

அடுத்த ஞாயிறு அவர் வேனைவிட்டு இறங்கினார்.

தபால்காரர் கரண்டியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு கும்பிட்டார். "ஆனா ஒண்ணு டீச்சர். மூக்குக்கு முன்னாடி கரண்டி தெரிஞ்சா எந்த நாயும் கூட வரும். அது கரண்டியோட நடக்குது, உங்களோட இல்ல. கரண்டி மேல இருக்கட்டும். அது ஒழுங்கா நடந்தா மட்டும் கீழ இறங்கட்டும்."

டீச்சரின் மடங்கிய கைக்கு, கரண்டியை மேலே வைத்திருப்பது வேலையே இல்லை, அது தானாக அங்கேதான் நிற்கும். கீழே இறக்குவதுதான் பாடு. முழங்கையை நிமிர்த்த வேண்டும். முதலில் தோளையே சாய்த்து இறக்கினார். ஒரு அடி, "சரி", கரண்டி இறங்கும். இரண்டு அடி, "சரி". ஐந்து அடி. பிறகு மறுபடி இரண்டு. பிறகு ஒன்பது. ஏறிக்கொண்டே போனால் நாய்க்குச் சலித்துவிடும்; எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இருந்தால்தான் எப்போதும் கவனமாக இருக்கும் என்றார் தபால்காரர். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது தடவை அந்த முழங்கை நிமிர்ந்தது. ஆறாவது வாரம் பிசியோதெரபிக்காரப் பெண் கையைப் பிடித்து நீட்டிப் பார்த்துவிட்டு, "வீட்ல என்ன பண்றீங்க?" என்று கேட்டாள். விரல்கள் திறக்கவில்லை. முழங்கை மட்டும் முன்னைக்கு நன்றாக நீண்டது.

வாரை எதில் கட்டுவது என்பது லிஃப்ட்காரரின் கவலை. டீச்சரின் இடுப்புப் பட்டையில்தான் கட்ட வேண்டும். ஆனால் மந்திரி மறுபடி பாய்ந்தால்? அவர் இரண்டு நாள் யோசித்து, நடுவில் வெல்க்ரோ வைத்து ஒரு வார் தைத்தார். சும்மா நடந்தால் ஒட்டியிருக்கும். பலமாக இழுத்தால் சர்ரென்று பிரிந்துவிடும்.

"அப்ப நாய் ஓடிடுமே" என்றார் டீச்சர்.

"ஓடட்டும். நீ நிக்கணும்."

தபால்காரர் அதைக் கேட்டுவிட்டு, வாரை இரண்டு மூன்று தடவை பிரித்து ஒட்டி, அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "இந்தச் சத்தத்தையே பாடமா வச்சுக்கலாம். சர்ருனு கேட்டா, டீச்சர் தொடையோரம் போனா பெரிய விருந்துன்னு அதுக்குத் தெரியணும்."

அப்படியே செய்தார்கள். மந்திரி ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போதே லிஃப்ட்காரர் பின்னால் வந்து கையால் வாரைப் பிரிப்பார். சர்ர்! உடனே கரண்டி இறங்கும், வழக்கத்தைவிட மூன்று பங்கு நேரம் நக்கக் கிடைக்கும். முதல் வாரத்திலேயே மந்திரி தன் பதவிக்கேற்ற ஒரு தந்திரம் செய்தது. தானே இழுத்து, தானே பிரித்துக்கொண்டு, டீச்சரைப் பார்த்து வாயைத் திறந்தது. மூன்று பேரும் சிரித்து மாய்ந்தார்கள். அந்த மாதிரி வேண்டுமென்றே பிரித்தால் ஈரல் கிடையாது, கழுத்தில் ஒரு தடவல் மட்டும், மறுபடி ஒட்டி மறுபடி நடை என்று முடிவானது. நாலைந்து தடவை முயற்சி செய்துவிட்டு அது அந்த யோசனையைக் கைவிட்டது.

எட்டாவது வாரம் புதன்கிழமை காலையில் டீச்சர் சொன்னார்: "இன்னிக்குத் தெருவுல போறேன். முனையில பேக்கரி வரைக்கும்."

"நான் பின்னாடியே வர்றேன்."

"வேண்டாங்க. நீங்க கேட்டுக்கிட்ட நில்லுங்க. நீங்க பின்னாடி வந்தா நான் உங்க காலடிச் சத்தத்தைத்தான் கேட்டுக்கிட்டு நடப்பேன்."

லிஃப்ட்காரர் வெல்க்ரோவை நாலு தடவை அழுத்திப் பார்த்தார். பட்டையை இழுத்துப் பார்த்தார். கடைசியில் கேட்டைத் திறந்துவிட்டார்.

காலை எட்டு மணி. தெருவில் குப்பைத் தொட்டிகளைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். டீச்சர் ஊன்றுகோல், இடது கால், வலது கால் என்று அடி வைத்தார். இவ்வளவு மெதுவாக நடப்பது முப்பத்தைந்து கிலோ நாய்க்கு எவ்வளவு கஷ்டம் என்று இப்போது அவருக்குத் தெரியும். மந்திரி ஒவ்வொரு அடிக்கும் காலை அந்தரத்தில் தூக்கி, அவர் காலைப் பார்த்து, பிறகு வைத்தது. "சரி." கரண்டி இறங்கியது. நாலு வீடு தாண்டி மறுபடி "சரி." பழைய நடையில் மூன்று நிமிஷத்தில் முடிகிற தூரம், பன்னிரண்டு நிமிஷம் ஆனது. பேக்கரி வாசல் வந்தபோது டீச்சரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அங்கே ஒரு வேன் நின்றது. பேக்கரிக்காரர் தலைக்குமேல் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு பின்கதவைக் காலால் மூடப் பார்த்தார். தட்டு சரிந்தது. சூடான பன்கள் முப்பது நாற்பது, நடைபாதையிலும் தெருவிலும் உருண்டன.

மந்திரி பாய்ந்தது. சர்ர்ர்!

டீச்சர் நின்றார். ஆடினார், ஊன்றுகோலை அழுத்தினார், நின்றார். வார் தரையில் இழுபட, மந்திரி ஆறேழு அடி தாண்டிப் போய் ஒரு பன்னைக் கவ்வியது. டீச்சரின் தொண்டை வரைக்கும் "ஏய்!" வந்துவிட்டது. அதை விழுங்கினார். முழங்கையை நிமிர்த்தி, கரண்டியைத் தொடையோரமாக இறக்கினார்.

மந்திரியின் தலை திரும்பியது. வாயில் பன். சுற்றிலும் பன்கள். பிரிந்த சத்தம் அதன் காதில் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது போலிருக்கிறது. ஒரு நொடி அது அங்கேயும் இங்கேயும் பார்த்தது. பிறகு பன்னைக் கவ்வியபடியே ஓடி வந்து, டீச்சரைப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, இடது தொடையோரம் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தது. ஈரலுக்கு வாயில் இடமில்லை. யோசித்துவிட்டு, பன்னை டீச்சரின் செருப்பின் மேல் வைத்தது.

"சரி!" என்றார் டீச்சர். "சரிடா என் தங்கமே! சரி, சரி, சரி!"

கரண்டி பளபளக்கும் வரை நக்கவிட்டார்.

"அந்தப் பன்னை அதுவே எடுத்துக்கட்டும் டீச்சர்" என்றார் பேக்கரிக்காரர், தரையில் குந்திக்கொண்டு மீதியைப் பொறுக்கியபடி.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். தெரு நடுவில், கேட்டுக்கும் பேக்கரிக்கும் சரி பாதித் தூரத்தில், லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று வழியில் எங்கோ கிடந்தது. ஓடி வந்தவர், டீச்சர் நிற்பதைப் பார்த்து நடுவிலேயே நின்றுவிட்டார்.

"பரவால்லையே, பிரேக் நல்லா புடிக்குதே உங்களுக்கு!" என்று டீச்சர் அங்கிருந்தே கத்தினார்.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினார். பிறகு பக்கத்தில் வந்து, வாரை எடுத்து ஒட்டிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். கேட்டை அடைந்ததும் அங்கேயே நின்று காத்திருந்தார். டீச்சரும் மந்திரியும் வந்து சேர இன்னும் பதினைந்து நிமிஷம் ஆனது.

அன்று மத்தியானம் அவர் தங்கைக்கு போன் போட்டார். "வண்டி வேணாம்மா. மந்திரி இங்கயே இருக்கட்டும்." அந்தப் பக்கம் என்னவோ நீளமாகக் கேட்டிருக்க வேண்டும். "இல்ல, அண்ணி சொல்லிச் சொல்லல. நான்தான் சொல்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தே விட்டாள், வண்டி இல்லாமல், பஸ்ஸில். நாய்க்காகக் கிடங்கில் ஒரு கூண்டுகூடச் செய்து வைத்திருந்தாளாம். ஏமாற்றம்தான், ஆனால் அண்ணி நடப்பதைப் பார்த்ததும் அதெல்லாம் போய்விட்டது. வாசலில் நின்றபடி இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு சமத்தா நடக்குதே அண்ணி, நானும் ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாரை வாங்கினாள்.

"அது வந்தும்மா..." என்று டீச்சர் ஆரம்பிப்பதற்குள் மந்திரி கிளம்பிவிட்டது. நாத்தனார் பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி, "ஐயோ அண்ணா! ஐயோ அண்ணி!" என்று அலறிக்கொண்டே எதிர்வீட்டுப் பூச்செடிகள் வரைக்கும் போனாள். வெல்க்ரோவையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்த கை, நல்லவேளை, அங்கே நழுவி வெல்க்ரோ பிரிந்தது. மந்திரி திரும்பி ஓடி வந்து டீச்சரின் இடது பக்கத்தில் நின்றுகொண்டது.

"இதையா நான் சமத்துன்னேன்!" என்று நாத்தனார் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"உன்கிட்ட அதுக்கு இன்னும் பழக்கம் இல்லம்மா. போகும்போது முதல் ரெண்டு அடி உன் பக்கத்துலயே வந்துச்சு, நீ பாக்கல" என்றார் டீச்சர். "ஏங்க, உள்ள இன்னொரு கரண்டி இருக்கும், எடுத்துக்கிட்டு வாங்க. கொஞ்சம் ஈரலும்."

நாத்தனார் மூக்கைச் சுளித்துக்கொண்டே கரண்டியை வாங்கிக்கொண்டாள். டீச்சர் கேட்டோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, நாயின் தோளையும் நாத்தனாரின் தொடையையும் உற்றுப் பார்த்தார்.

"மெதுவா. ஒரே ஒரு அடி. ஆங், இப்பச் சொல்லு!"